நாசா சொல்லாத மூன்று வினாடி

சனிப்பெயர்ச்சி நெருங்கினால் போதும், அந்தத் தகவல் குடும்பக் குழுக்களில் மறுபடி உலா வரத் தொடங்கிவிடும். காரைக்கால் மாவட்டத்துத் திருநள்ளாற்றுக்கு மேலே பறக்கும் செயற்கைக்கோள்கள் சரியாக மூன்று வினாடி ஸ்தம்பித்து நிற்கின்றனவாம். பழுது ஒன்றும் இல்லையாம். மூன்று வினாடி கழிந்ததும் தாமாகவே கிளம்பிப் போய்விடுகின்றனவாம். நாசா மண்டையைப் பிய்த்துக்கொண்டு ஆராய்ந்ததில், சனிக்கோளிலிருந்து கண்ணுக்குத் தெரியாத கருநீலக் கதிர்கள் நேராகச் சனீஸ்வரன் சந்நிதிமேல் விழுவது தெரிய வந்ததாம். விஞ்ஞானிகள் வந்து பார்த்து, கும்பிட்டுவிட்டுப் போனார்களாம். கடைசியில் 'அனைவருக்கும் பகிரவும்' என்று ஒரு வரி. அதன் கீழே மூன்று கைகூப்பல்.

கைபேசியில் வந்தால் விரலால் தள்ளிவிட்டுப் போகலாம். ஆனால் சில வருடங்களுக்கு முன் ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்கு மதிப்பெண் போடக் கூப்பிட்டிருந்தார்கள். தெர்மோகோலில் செய்த பி.எஸ்.எல்.வி. ராக்கெட் ஒன்று அழகாக நின்றது. அதற்குப் பக்கத்து மேசையில் இந்தக் கதை, சார்ட் அட்டையில். மேலே வளையத்தோடு சனி, கீழே கோபுரம், இரண்டுக்கும் நடுவே ஸ்கேல் வைத்து இழுத்த நீலக்கோடு, அந்தக் கோட்டில் சிக்கிய பூச்சிபோல ஒரு செயற்கைக்கோள். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி மூச்சுவிடாமல் ஒப்பித்து முடித்தாள். "எந்தச் செயற்கைக்கோள்மா?" என்றேன். "நாசா செயற்கைக்கோள் சார்." "அதுக்குப் பேர் இருக்குமே?" அவள் ஆசிரியரைப் பார்த்தாள். ஆசிரியர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயந்தானே சார்" என்றார்.

எல்லாருக்கும் தெரிந்த அந்த விஷயத்தைத்தான் மறுக்க வந்திருக்கிறேன். திருநள்ளாற்றுக்குப் போகிறவரோடு எனக்கு வழக்கு ஏதும் இல்லை. நளதீர்த்தத்தில் முழுகி எழுந்து தர்ப்பாரண்யேஸ்வரரையும் சனி பகவானையும் தரிசிப்பது அவரவர் நம்பிக்கை. அதற்குள் நுழைய எனக்கு உரிமையும் இல்லை, ஆசையும் இல்லை. அந்த நம்பிக்கைக்கு அறிவியல் சட்டை மாட்டி வகுப்பறைக்குள் அனுப்புகிறார்களே, அங்கேதான் எனக்குச் சண்டை.

முதலில் 'நிற்பது' என்றால் என்னவென்று பார்ப்போம். செயற்கைக்கோளை நம்மில் பலர் ஆகாயத்தில் ஓடும் ஒரு பேருந்தாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். பிரேக் போட்டால் நிற்கும், எடுத்தால் கிளம்பும். அது அப்படிப்பட்ட வண்டி அல்ல. எந்நேரமும் கீழே விழுந்துகொண்டே இருக்கும் ஒரு பொருள். மாடியிலிருந்து நழுவவிட்ட கல் முதல் வினாடியில் ஏறக்குறைய 4.9 மீட்டர் இறங்கும். பூமி உருண்டை, ஓரிடத்திலிருந்து நேர்க்கோட்டில் 7.9 கிலோமீட்டர் போனால் தரையும் அதே 4.9 மீட்டர் கீழே வளைந்து போயிருக்கும். ஆக, காற்றின் தடையில்லாமல் வினாடிக்கு 7.9 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கல்லை வீச முடிந்தால், அது விழ விழத் தரையும் விலகிக்கொண்டே போகும். கல் தரையைத் தொடாது, சுற்றிக்கொண்டே இருக்கும். நியூட்டன் காலத்திலிருந்து தெரிந்த கணக்கு இது. 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு இந்த வேகம் வினாடிக்குச் சுமார் 7.7 கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரத்தில் உலகத்தை ஒரு சுற்று சுற்றிவிடும்.

அந்த வேகம்தான் அதைத் தாங்கிப் பிடிக்கிறது. வேகத்தைப் பிடுங்கிவிட்டால் அது மாடியிலிருந்து நழுவிய கல்தான். மூன்று வினாடியில் சுமார் 40 மீட்டர் இறங்கியிருக்கும். அது பெரிய இறக்கமில்லை. ஆனால் மூன்று வினாடி முடிந்தபின் மறுபடி 7.7 கிலோமீட்டர் வேகத்தை அதற்கு யார் கொடுப்பது? ஒரு டன் எடையுள்ள செயற்கைக்கோளுக்கு அந்த வேகத்தில் இருக்கும் ஆற்றலை மின்சாரக் கணக்கில் சொன்னால் சுமார் 8,000 யூனிட். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் எரிக்கும் ஒரு வீட்டின் மூன்று வருட மின்சாரத்துக்கு மேல். அவ்வளவையும் ஒரு நொடியில் இறக்கி வைத்துவிட்டு, மூன்று நொடி கழித்துத் திரும்ப ஏற்றிக்கொள்ள வேண்டும். கொடுப்பதற்கு அங்கே ராக்கெட் எதுவும் காத்திருக்கவில்லை. போதாததற்கு, ஒரே வினாடியில் நிறுத்தினால் புவியீர்ப்பைப்போல் 780 மடங்கு விசை அதன்மேல் பாயும். சூரியத் தகடுகளும் ஆண்டெனாக்களும் அந்த இடத்திலேயே பிய்ந்து தனித்தனியே பறக்கும். 'பழுது ஒன்றும் இல்லை' என்ற வரியை எழுதியவருக்கு இந்தக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

"நிற்பது என்றால் ஓட்டம் நிற்பதல்ல, கருவிகள்தான் மூன்று வினாடி செயலிழக்கின்றன" என்று சற்றுப் படித்தவர்கள் கதையைத் திருத்திச் சொல்வார்கள். நல்லது, அதையும் சோதித்துவிடலாம். சோதனைக்கூடம் உங்கள் சட்டைப்பையிலேயே இருக்கிறது. கைபேசி வரைபடத்தில் திருநள்ளாற்றைத் தேடி, செயற்கைக்கோள் காட்சிக்கு மாற்றிப் பெரிதாக்குங்கள். நளதீர்த்தம் சதுரமாகப் பளிச்சென்று தெரியும். கோபுரத்தின் நிழல்கூடத் தரையில் சாய்ந்து கிடக்கும். இந்தப் படத்தை எடுத்தது யார்? தலைக்குமேல் சென்ற செயற்கைக்கோளின் கேமராதானே. இத்தகைய கேமராக்கள் பெரும்பாலும் நம் கைபேசிபோல ஒரே க்ளிக்கில் படம் எடுப்பதில்லை. துடைப்பத்தால் பெருக்குவதுபோல, போகிற போக்கில் தரையை வரிவரியாக வாசித்துக்கொண்டே போகின்றன. தரையில் செயற்கைக்கோளுக்கு நேர்கீழே உள்ள புள்ளி வினாடிக்கு ஏழு கிலோமீட்டர் நகர்கிறது. மூன்று வினாடி கேமரா செத்தால் இருபது கிலோமீட்டருக்குமேல் நீளமுள்ள ஒரு கறுப்புப் பட்டை படத்தில் விழுந்திருக்கும். திருநள்ளாற்றில் தொடங்கினால் நாகப்பட்டினம் தாண்டித்தான் வெளிச்சம் வரும். அப்படியொரு பட்டையை யாராவது பார்த்ததுண்டா?

இன்னொரு சாட்சி கடலில் இருக்கிறது. காரைக்கால், நாகை விசைப்படகுகளில் ஜி.பி.எஸ். கருவி இல்லாமல் யாரும் ஆழத்துக்குப் போவதில்லை. போன வாரம் வலை நிறைந்த இடம் எது, எல்லைக்கோடு எங்கே வருகிறது என்று எல்லாம் அந்தச் சிறு திரையில்தான். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் வினாடிக்குச் சுமார் 3.9 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகின்றன. 'நான் இந்த நேரத்தில் இந்த இடத்தில் இருக்கிறேன்' என்று அவை ஓயாமல் அறிவிப்பதை வைத்துத்தான் படகின் இடம் கணக்காகிறது. அவற்றுள் ஒன்று திருநள்ளாற்றுக்கு நேர்மேலே வந்து மூன்று வினாடி நின்றிருந்தால், தான் இருப்பதாகச் சொல்லும் இடத்துக்கும் உண்மையில் இருக்கும் இடத்துக்கும் பத்துக் கிலோமீட்டருக்குமேல் வித்தியாசம் வந்திருக்கும். எல்லைக்கோட்டின் ஓரத்தில் வலை இழுக்கிறவனுக்குத் திரையில் இடம் பிசகினால் படகும் போச்சு, ஆளும் சிறை. நாசாவுக்கு முன்னால் காரைக்கால் மீனவர்தான் சத்தம் போட்டிருப்பார்.

உண்மையிலேயே நின்ற இடத்தில் நிற்பதுபோல் தெரியும் செயற்கைக்கோள்கள் உண்டு. பூமத்திய ரேகைக்குமேல் 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றும் நேரத்திலேயே அவையும் ஒரு சுற்று முடிக்கின்றன. அதனால் நமக்கு அசையாமல் தெரிகின்றன. அவையும் வினாடிக்கு 3 கிலோமீட்டருக்குமேல் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. திருநள்ளாறு பூமத்திய ரேகைக்கு ஏறக்குறைய 11 பாகை வடக்கே இருப்பதால், அதன் உச்சிக்கு நேரே அப்படியொன்றை நிறுத்திவைக்க முடியாது. அந்த ஊர் மொட்டைமாடிகளில் இருக்கும் டிஷ் ஒவ்வொன்றும் தெற்கு வானத்தில் அப்படி 'நிற்கும்' ஏதோ ஒன்றைத்தான் இருபத்து நான்கு மணி நேரமும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்த அதிசயத்தில் சீரியல் பார்க்கிறோம். யாரும் கைகூப்பல் போட்டு அனுப்புவதில்லை.

"நெருப்பில்லாமல் புகையுமா, ஏதோ ஒன்று இருக்கப்போய்த்தானே சொல்கிறார்கள்?" இதுதான் அடுத்த வாதம். செயற்கைக்கோள்களுக்குத் தொல்லை தரும் ஓரிடம் உலகத்தில் மெய்யாகவே இருக்கிறது. பிரேசிலுக்கும் தென் அட்லாண்டிக் கடலுக்கும் மேலே. பூமியின் காந்தப்புலம் அங்கே மெலிந்திருப்பதால், வான் ஆலன் கதிர்வீச்சுப் பட்டையின் உள்விளிம்பு சுமார் 200 கிலோமீட்டர் உயரம்வரை தாழ்ந்து வருகிறது. அதனூடே போகும் செயற்கைக்கோள்களின் மின்னணுச் சில்லுகளில் மின்னேற்றத் துகள்கள் மோதிக் குழப்பம் உண்டாக்குகின்றன. ஹபிள் தொலைநோக்கி அந்தப் பகுதியைக் கடக்கும்போதெல்லாம் அவதானிப்பை நிறுத்தி வைக்கிறார்கள். இது யாருக்குத் தெரியும்? தேடிப் படிக்கிற எல்லாருக்கும். எல்லை எங்கே, எவ்வளவு உயரத்தில் எவ்வளவு வீரியம், வருடத்துக்கு எந்தப் பக்கமாக நகர்கிறது என்று வரைபடத்தோடு கிடைக்கிறது. செயற்கைக்கோளுக்கு ஒரு தொந்தரவு என்றால் அது இப்படித்தான் ஊர் உலகத்துக்குத் தெரியவரும். எனக்கு வந்த திருநள்ளாற்றுத் தகவலின் எந்தப் பிரதியிலும் செயற்கைக்கோளின் பெயர் இல்லை, தேதி இல்லை, அதை இயக்கிய ஒரு மனிதரின் பெயர்கூட இல்லை.

இனி அந்தக் கருநீலக் கதிர். கண்ணுக்குத் தெரியாத கதிர் என்கிறார்கள், கருநீலம் என்றும் சொல்கிறார்கள். தெரியாதது எப்படி நீலமாக இருந்தது? சனிக்குச் சாத்தும் வஸ்திரத்தின் நிறம் கதிருக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். கோளாகிய சனி வெளிறிய மஞ்சள். நம் கண்ணுக்கு எட்டும் அதன் வெளிச்சம் சூரியனிடம் கடன் வாங்கியது. பூமிக்கும் சனிக்கும் இடையே 120 முதல் 166 கோடி கிலோமீட்டர் தூரம். அங்கிருந்து பார்த்தால் பூமி ஒரு புள்ளி. சனியிலிருந்து வரும் எந்த ஒளியும் அந்தப் புள்ளியின் பாதி முழுவதையும் ஒருசேர நனைக்கும். தினமும் பாதி நேரம் சனி திருநள்ளாற்றின் அடிவானத்துக்குக் கீழேதான் இருக்கும். அப்போது கதிர் பூமியைத் துளைத்துக்கொண்டு வருகிறதா? ஈர்ப்பு விசை என்று சொல்லிப் பார்ப்பவர்களும் உண்டு. பூமியைவிட 95 மடங்கு கனமான கோள்தான், ஆனால் தூரம் அதைத் தின்றுவிடுகிறது. திருநள்ளாற்றுப் பேருந்து நிறுத்தத்தில் உங்களுக்கு மூன்று மீட்டர் தள்ளி நிற்கும் பத்து டன் பேருந்து, சனியைவிட மூன்று மடங்கு அதிகமாக உங்களை இழுக்கிறது.

நூறு கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே ஒரு செயற்கைக்கோளை நிறுத்திவிடும் கதிர் என்றால், பக்கத்தில் போனால் என்ன பாடுபடுத்தும்? போய்ப் பார்த்திருக்கிறார்கள். 1979-ல் பயனியர் 11, அடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு வாயேஜர்கள். அப்புறம் காசினி. 1997 அக்டோபரில் கிளம்பி, 2004-ல் சனியை அடைந்து, பதின்மூன்று ஆண்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்தது. கொண்டுபோன ஹைகன்ஸ் என்ற குட்டிக் கலத்தை 2005 ஜனவரியில் டைட்டன் நிலவில் இறக்கிவிட்டது. கடைசி மாதங்களில் சனிக்கும் அதன் வளையங்களுக்கும் இடையிலிருந்த சந்துக்குள் 22 முறை புகுந்து வந்தது. எரிபொருள் தீரும் தறுவாயில், உயிர் இருக்கக்கூடிய நிலவுகளில் மோதி அழுக்காக்கிவிடக் கூடாதென்று 2017 செப்டம்பர் 15 அன்று சனிக்குள்ளேயே பாய்ச்சினார்கள். வளிமண்டலம் அதைப் புரட்டி ஆண்டெனாவைத் திருப்பும்வரை அது தரவுகளை அனுப்பிக்கொண்டேதான் இருந்தது. சனி பகவானின் வாசற்படியிலேயே நிற்காத கலம், காரைக்கால் மாவட்டத்தில் வந்து நிற்குமாம்.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி ஒன்று உண்டு. பெயர்ச்சி நாளில்தான் செயற்கைக்கோள்கள் அதிகம் தடுமாறுகின்றன என்று ஒரு பாடபேதம் சுற்றுகிறது. எந்தப் பெயர்ச்சி? சனி கும்பத்துக்குப் போனது திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 2023 ஜனவரி 17. வாக்கியப் பஞ்சாங்கப்படி அதே ஆண்டு டிசம்பர் 20; திருநள்ளாறு கோயில் வாக்கியத்தைப் பின்பற்றுவதால் விழா அன்றுதான் நடந்தது. நடுவே பதினொரு மாதம். 2025 மார்ச் 29-ம் தேதியும் இதே குழப்பம் வந்து, அன்று இங்கே பெயர்ச்சி இல்லை என்று கோயில் தரப்பிலிருந்தே அறிவிக்க வேண்டியதாயிற்று. நாசாவின் செயற்கைக்கோள் எந்தப் பஞ்சாங்கம் பார்க்கிறது?

பஞ்சாங்கத்தைக் கிண்டல் செய்வதாக எண்ண வேண்டாம். என் கோபமே அதன் பொருட்டுத்தான். சனி வான மண்டலத்தை ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய 29 ஆண்டு 5 மாதம் ஆகிறது. பன்னிரண்டு ராசிக்குப் பங்கிட்டால் ராசிக்கு இரண்டரை ஆண்டு. முன்ராசி, சொந்த ராசி, பின்ராசி மூன்றையும் கூட்டினால் ஏழரை. ஏழரைச் சனி என்ற சொல்லுக்குள் உட்கார்ந்திருப்பது ஒரு வானியல் அளவு. முப்பது வருஷம் வாழ்ந்தவனும் இல்லை, முப்பது வருஷம் தாழ்ந்தவனும் இல்லை என்று நம் பாட்டிகள் சொல்லும் பழமொழியில் இருப்பதும் அதே சுற்றுதான். சனிக்கு மந்தன் என்று பெயர் வைத்தவன் வெறும் கண்ணால், ஒரு மனித ஆயுளில் இரண்டு சுற்றுக்குமேல் பார்க்கக் கிடைக்காத ஒரு கோளை, தலைமுறை தலைமுறையாகக் குறித்துவைத்து அதன் வேகத்தை அளந்தவன். ஜாதகப் பலனை நான் நம்புவதில்லை. அந்த அளவீட்டை நம்பாமல் இருக்க முடியாது. தொலைநோக்கி வைத்துப் பார்த்தாலும் அதேதான் வருகிறது.

அந்த வட்டாரத்திலேயே நடந்த மெய்யான அதிசயம் ஒன்று இருக்கிறது. அதை யாரும் எனக்கு அனுப்பியதில்லை. சென்னை வானாய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஜான் வாரன் என்பவர், புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவரைச் சந்தித்தார். அந்த மனிதர் காகிதமோ எழுதுகோலோ எடுக்கவில்லை. தரையில் சோழிகளைப் பரப்பினார். மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைச் சொல்லிச் சொல்லிச் சோழிகளை நகர்த்தி, 1825-ம் ஆண்டின் சந்திர கிரகணம் எப்போது பிடிக்கும், எப்போது விடும் என்று கணக்கிட்டுக் கொடுத்தார். வாரன் அதைத் தம் 'கால சங்கலிதம்' நூலில் படிப்படியாகப் பதிந்து வைத்தார். பண்டை வானியல் வரலாற்றில் பெரும்பெயர் பெற்ற ஓட்டோ நாய்கபவர் 1952-ல் அந்தப் பதிவைப் பிரித்துப் படித்து, தமிழர் வானியல் என்றே தலைப்பிட்டுக் கட்டுரை எழுதினார். நிலவோட்டத்தைச் சொற்களாக்கி நெஞ்சுக்குள் அடைத்துவைத்திருந்த ஓர் ஆள், கிரகணத்தைச் சோழியில் பிடித்துக் காட்டினார். அந்தச் சோழிக்காரரின் பேரப்பிள்ளைகளான நாம், பெயர் தெரியாத ஓர் அமெரிக்கச் செயற்கைக்கோள் நம் கோபுரத்தைப் பார்த்துத் திகைத்ததாகச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருக்கிறோம்.

சொல்லுங்கள், இதில் யாருக்குப் பெருமை? ஆயிரம் வருஷத்துக்கு முன்பே தேவாரப் பாடல் பெற்ற தலத்துக்கு, 1958-ல் தொடங்கிய அமெரிக்க அரசுத் துறை ஒன்று சான்றிதழ் தர வேண்டியிருக்கிறது. நாசா பெயரை எடுத்துவிட்டுக் கதையைச் சொல்லிப் பாருங்கள், அதில் உயிரே இருக்காது. இதைப் பக்தி என்று சொல்ல எனக்கு நா வரவில்லை. வெள்ளைக்காரன் ஒப்புக்கொண்டால்தான் நம் சாமி நிஜம் என்ற பழைய நோய் இது.

"நம்பிவிட்டுப் போகட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்?" என்று அந்த ஆசிரியர் பிறகு தேநீர் குடிக்கும்போது கேட்டார். நஷ்டம் அந்தப் பெண்ணுக்கு. செயற்கைக்கோள் ஏன் விழுவதில்லை என்ற கேள்வி அவள் வாழ்க்கையில் வர வேண்டிய வயதில், அது நிற்கும் என்ற பதில் வந்து உட்கார்ந்துவிட்டது. பக்தியும் கணக்கும் ஒரே ஆளிடம் இருக்க முடியாதா என்றால், தாராளமாக முடியும். இஸ்ரோ தலைவர்கள் ராக்கெட் மாதிரியைத் திருப்பதியில் வைத்து வணங்கிவிட்டுத்தான் ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகிறார்கள். ஆனால் துருவப் பாதைக்கு நேர்த்தெற்கே ஏவினால் இலங்கைமேல் பறக்குமே என்ற பிரச்சினையைப் பெருமாளிடம் விட்டுவிடுவதில்லை, பி.எஸ்.எல்.வி. முதலில் தென்கிழக்கே போய்ப் பிறகு தெற்கே திரும்புமாறு பாதையை வளைக்கிறார்கள், அதற்கு எரிபொருள் விலையும் கொடுக்கிறார்கள். 1963-ல் தும்பாவில் இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியபோது அங்கிருந்த தேவாலயத்தைத்தான் அலுவலகமாக விட்டுக்கொடுத்தார்கள். அந்தத் தேவாலயத்துக்குமேல் ராக்கெட் நின்றதாக எந்தக் கிறிஸ்தவரும் கதை கட்டவில்லை.

2022 செப்டம்பரில் மயிலாடுதுறையில் பெரியம்மா வீட்டு மொட்டைமாடிக்கு நண்பரின் நாலரை அங்குலத் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். பெரியம்மாவுக்குக் கும்ப ராசி, ஏழரை நடந்துகொண்டிருந்தது. அந்தத் தகவலை எனக்கு அதிகமுறை அனுப்பியதும் அவர்தான். தென்கிழக்கில் சனி மங்கலான மஞ்சள் புள்ளியாக இருந்தது. குழாயைத் திருப்பி, வளையம் தெளிவாகத் தெரியும்வரை திருகி, "வாங்க, வந்து பாருங்க" என்றேன். முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"இவரா?" என்றார்.

"இவர்தான். இப்ப நீங்க பாக்குற வெளிச்சம் அங்கேருந்து கிளம்பி ஒண்ணேகால் மணி நேரம் ஆச்சு."

"நாம சாயங்காலம் காப்பி குடிச்சப்பவா?"

"ஆமா."

இரண்டு நிமிடம் போயிருக்கும். "ஐயையோ, ஓடிப் போயிட்டாருடா" என்றார். பூமி சுற்றுகிற சுற்றில் கோள் கண்ணாடியின் விளிம்பைத் தாண்டிவிட்டிருந்தது. குழாயைக் கொஞ்சம் நகர்த்தி மறுபடி பிடித்துக் கொடுத்தேன்.

"மந்தன்னு பேரு, இந்த ஓட்டம் ஓடுறாரே."

"ஓடுறது அவர் இல்ல பெரியம்மா, நாம."

அவர் கண்ணை எடுக்கவே இல்லை. பின்னால் பேரன் முறை கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தான். "சும்மா இருடா, இன்னும் பாத்து முடிக்கல" என்று ஒரு கையால் அவனைத் தள்ளிவிட்டார்.